எந்த மையில் எழுதுகிறோம்?

(தொலைக்காட்சி உரையரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் நான் கேள்வி கேட்கிறவள். ‘ஐயா, உங்கள் கருத்து என்ன?’, ‘அம்மா, சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று மற்றவர்களை மடக்குவதே என் வேலை. இன்று ஏற்பாட்டாளர்கள் என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நேரம் முடிந்தால் மணி அடிப்பார்களாம். மற்றவர்களுக்கு மணி அடித்தே பழகிய எனக்கு, அந்த மணிக்குப் பயப்படுவது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது.

என் தலைப்பைக் கேட்டதும் சில நண்பர்கள் சிரித்தார்கள். ஊற்றுப் பேனாவுக்கு மை தேர்ந்தெடுப்பது எப்படி? கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதுகிற காலத்தில் இதெல்லாம் ஒரு தலைப்பா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து தொடங்குகிறேன்.

பிஸ்கட் டின்னுக்குள் ஒரு கடிதம்

நான் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை.

வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ்காரர் 1885இல் நில ஆய்வுக்காக ஏறிச் சென்ற மலை அது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் வந்தன. இன்று அந்தச் சரிவுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அங்கே கூடை சுமந்தவர்கள் நம் பாட்டிகளும் தாத்தாக்களும்தான்.

என் பாட்டி 1941இல் அதே தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. பதிய வேண்டும் என்று அவருடைய பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. நாடு 1957இல் சுதந்திரம் அடைந்த பிறகு, குடியுரிமைக்கு ஏதாவது தாள் வேண்டும் என்ற பேச்சு லயங்களில் எழுந்தது. 1958இல் தோட்டத்துக் கிராணி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இன்ன பெயருடைய இந்தப் பெண், இன்னாருடைய மகள், 1941இல் இத்தோட்டத்தில் பிறந்தவர் என்று நாலே வரி. கீழே துரை கையெழுத்துப் போட்டார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாள் முக்கியமானது என்பது மட்டும் தெரியும். மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, பரணில் வைத்துவிட்டார். கொழுந்தும் பிள்ளைகளும் வயிறுமாக நாட்கள் ஓடின. அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, நம் மக்கள் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். பாட்டி போகவில்லை. ‘நான் எங்கே போக? நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையே’ என்று கேட்டாராம்.

2009இல் நான் படிவம் ஐந்தை முடித்திருந்தேன். வீட்டில் முதன்முதலாக ஆபீசு படிகளில் தைரியமாக ஏறத் தெரிந்த ஆள் நான்தான். ‘எனக்கு ஒரு நீலக் கார்டு எடுத்துக் குடு தாயி’ என்றார் பாட்டி. டின்னை இறக்கித் திறந்தோம்.

எந்த வருட மழையோ தெரியாது. தகரக் கூரை ஒழுகி டின்னுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. காகிதம் கிழியவில்லை. ஆனால் கிராணி எழுதிய நாலு வரியும் கரைந்து, வெளிறிய நீலக் கறையாகப் பரவிக் கிடந்தன. கீழே துரையின் கையெழுத்து மட்டும் நேற்றுப் போட்டதுபோலக் கறுப்பாக நின்றது.

யோசித்துப் பாருங்கள். யாருக்காக அந்தக் கடிதம் எழுதப்பட்டதோ, அவருடைய பெயர் இல்லை. எழுதச் சொன்னவருடைய பெயர் இருக்கிறது.

அதை வாங்கிப் பார்த்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது ஒரு நீலக் கறை. அவர் என்ன செய்வார்? வெளியே வந்ததும் பாட்டி கேட்டார்: ‘தண்ணியில போனது பேருதானே தாயி. நான் இங்கதானே நிக்கிறேன். என்னைப் பார்த்து எழுதிக்கக் கூடாதா?’

என்னிடம் பதில் இல்லை. சாட்சி தேடினோம், அந்தக் காலத்து ஆட்களில் பலர் இறந்துவிட்டார்கள். பாட்டி 2014இல் காலமானார், சிவப்புக் கார்டோடு.

ஒரே தாள், ஒரே மழை

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒரே தாள், ஒரே மழை. ஒரு மை கரைந்தது. இன்னொன்று ஏன் கரையவில்லை? நான் வேதியியல் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள். தேடிப் படித்தும், பேனாக் கடைக்காரர்களைக் கேட்டும், நானே புட்டி புட்டியாக வாங்கிச் சோதித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஊற்றுப் பேனாவில் ஊற்றும் மையை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, சாய மை. தண்ணீரில் கரைந்த வண்ணச் சாயம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கழுவக்கூடிய ‘ராயல் புளூ’ இந்த வகைதான். பேனாவுக்கு நல்லது, அடைக்காது, சட்டையில் பட்டாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சட்டையிலிருந்து போகிற மை காகிதத்திலிருந்தும் போகும். தண்ணீர் பட்டால் கரையும். வெயில் பட்டால் வெளுக்கும். கிராணியின் பேனாவில் இருந்தது இந்த மாதிரி மையாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இரும்பு மை. துரை கையெழுத்துப் போட்டது இதில்தான் என்று நினைக்கிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

மூன்றாவது, நிறமி மை. இதில் நிறம் கரைந்திருக்காது. மிக நுண்ணிய தூளாக மிதக்கும். காய்ந்தபின் காகித இழைகளில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் ‘பிளாட்டினம் கார்பன்’, ‘சைலர் கிவாகுரோ’ போன்றவை இந்த இனம். தண்ணீருக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் பேனாவுக்குள் காயவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓவியர்கள் பயன்படுத்தும் ‘இந்தியன் இங்க்’கை எக்காரணம் கொண்டும் ஊற்றுப் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு கலந்திருப்பது வழக்கம். முள்ளுக்கு அடியில் இருக்கும் நாக்கின் மெல்லிய வாய்க்கால்களில் அது இறுகிவிடும். பிறகு பேனாவுக்குக் கருமாதிதான்!

பாட்டியின் மருந்துப் பெட்டி

இரும்பு மை எப்படி உண்டாகிறது? உங்கள் வீட்டு அடுப்படியிலேயே அது தினமும் நடக்கிறது. வாழைக்காய் நறுக்கினால் இரும்புக் கத்தி கறுத்துப் போகிறதல்லவா? தலைக்குச் சாயம் போடுகிறவர்கள் நெல்லிக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைக்கிறார்கள். காலையில் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அவ்வளவுதான் ரகசியம்.

ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆவணங்களை எழுதிய மை இதுதான். அவர்கள் துவர்ப்புக்கு மாசிக்காயைப் பயன்படுத்தினார்கள். இரும்புக்கு அன்னபேதியைச் சேர்த்தார்கள். மாசிக்காய் என்றதும் இங்கே இருக்கும் தாய்மார்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆம், கைக்குழந்தைக்கு உரை மருந்தாக உரசிக் கொடுக்கிறோமே, அதே மாசிக்காய்தான். மலாய்க்காரர்கள் ‘மஞ்சாகனி’ என்பார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மருந்தாகப் பயன்படுத்துவார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் கடுக்காயை அன்னபேதியோடு சேர்த்து மை செய்திருக்கிறார்கள்.

இந்த மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். எழுதுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நீலச் சாயம் கலந்தார்கள். பிறகு காற்றுப் பட்டு, இரும்பு கறுத்து, காகித இழையோடு பிணைந்துவிடும். நீலமாக எழுதி, கறுப்பாக மாறுவதால்தான் அதற்கு ‘நீலக் கறுப்பு’ என்று பெயர் வந்தது. தண்ணீரில் நனைந்தால் நீலச் சாயம் போகலாம்; கறுப்பு நிற்கும். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை இந்த மையில்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ‘பதிவாளர் மை’ என்றே அதற்குப் பெயர். அங்கே திருமணப் பதிவு 2021இல்தான் கணினிக்கு மாறியது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். துவர்ப்பு எதில் இருக்கிறது? தேயிலையில் இருக்கிறது! துருப்பிடித்த ஆணியை வினிகரில் சில நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கெட்டியான தேநீர்ச் சாயத்தில் விட்டுப் பாருங்கள். கண்ணெதிரே கறுக்கும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கண்டிப்பாக அடைக்கும்.

கொழுந்து கிள்ளுகிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? நுனியெல்லாம் கறுத்திருக்கும். பாட்டி தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பார், போகாது. பெயரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சரக்கு, ஆயுள் முழுக்க அவர் விரல் நுனியிலேயே இருந்தது. கடிதம் எழுதிய பேனாவில்தான் அது இல்லாமல் போயிற்று.

எதற்கு எந்த மை?

சரி, கடைக்குப் போகிறோம். எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எழுதப் போவது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று முதலில் உங்களையே கேளுங்கள்.

பள்ளிப் பாடம், கணக்குப் பயிற்சி, சாமான் பட்டியல் என்றால் கழுவக்கூடிய நீலமே போதும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்கும் அதுதான் நல்லது. பேனா புதிதாக வாங்கியவர்களும் இதிலேயே பழகலாம்.

நாட்குறிப்பு, குடும்பக் கடிதம், கோயில் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, உயில், ரசீது என்றால் இரும்பு மையோ நிறமி மையோதான். பெலிக்கன் 4001 நீலக் கறுப்பு, டயமைன் நிறுவனத்தின் பதிவாளர் மை ஆகியவை இரும்பு மைகள். ஒன்றைக் கவனியுங்கள்: இன்று ‘நீலக் கறுப்பு’ என்று புட்டியில் போட்டிருப்பதெல்லாம் இரும்பு மை அல்ல. வெறும் கருநீலச் சாயத்தையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ‘நிரந்தரம்’ என்று ஒட்டியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கேட்டு வாங்குங்கள்.

அரசாங்கப் பாரத்தில் ‘கறுப்பு மையால் நிரப்பவும்’ என்று போட்டிருந்தால், மறு பேச்சில்லாமல் கறுப்பு மைதான். அங்கே நம் ரசனையைக் காட்ட வேண்டாம்.

‘பால்பாயின்ட் பேனா இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?’ என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை உடையது, தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் அதிலும் பல வெயிலில் வெளுத்துவிடும். எந்தப் பேனாவானாலும் கேள்வி ஒன்றுதான். எவ்வளவு காலம் நிற்கும்?

மலையும் காகிதமும்

கேமரன் மலை போன்ற இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எந்நேரமும் ஈரக் காற்று, மாலையில் மூடுபனி. காகிதம் ஈரத்தை உறிஞ்சி நமத்துப் போயிருக்கும். அதில் தண்ணீர்த்தன்மை மிகுந்த மையால் தடித்த முள்ளில் எழுதினால், எழுத்துக்குக் கால் முளைத்துப் பரவும். காய்வதற்கும் நேரமாகும். ‘சீக்கிரம் காயும்’ என்பதையே பெயராக வைத்து, பார்க்கர் நிறுவனம் 1931இல் ‘குயிங்க்’ மையைக் கொண்டுவந்தது என்றால், இது எவ்வளவு பழைய தொல்லை என்று பாருங்கள்!

ஆகவே ஈரமான ஊர்க்காரர்கள் மெல்லிய முள்ளைத் தேர்ந்தெடுங்கள். இரும்பு மை பொதுவாக மட்டமான காகிதத்திலும் அதிகம் பரவாது. தாள்களைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். மை ஒற்றுத் தாள் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். எழுதியதும் மடித்து வைக்கிற அவசரமும் வேண்டாம். இரும்பு மை முழுமையாகக் கறுக்க நாட்கள் ஆகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். நான் சொல்வதையும் சேர்த்துத்தான். வாங்கிய மையால் ஒரு தாளில் உங்கள் பெயரை மூன்று முறை எழுதுங்கள். ஒரு வாரம் காயட்டும். மூன்றாக வெட்டுங்கள். ஒன்றைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். இன்னொன்றை வெயில் விழும் சன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். மூன்றாவதைப் புத்தகத்துக்குள் வையுங்கள். பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பெயர் எதில் நிற்கிறதோ அந்த மை உங்களுக்கு.

பேனாவையும் மறக்காதீர்கள். இரும்பு மை புளிப்புத் தன்மை உடையது. மலிவான எஃகு முள்ளை நாளடைவில் அரிக்கலாம். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால், தெளிந்து வரும்வரை கழுவுங்கள். ஒரு மையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் கழுவுங்கள். இரண்டு மைகளை ஒருபோதும் கலக்காதீர்கள்; சில மைகள் சேர்ந்தால் திரிந்து மண்டியாகும். புட்டியில் பூசணம் மிதந்தால், விலையைப் பார்க்காமல் தூர ஊற்றிவிடுங்கள்.

இரும்பு மை குற்றமே இல்லாதது என்றும் நான் சொல்ல வரவில்லை. அதன் புளிப்பு, பழைய ஐரோப்பிய ஏடுகள் பலவற்றை ஓட்டை போட்டிருக்கிறது. இப்போது பேனாவுக்கென்று வருபவை அதைவிட மென்மையானவை. என்றாலும் முக்கியமான தாள் எதுவானாலும் ஒரு பிரதி எடுத்து வேறொருவர் வீட்டில் வையுங்கள். படமெடுத்துக் கணினியிலும் வையுங்கள். ஒரே டின்னில் ஒரு வாழ்க்கையை வைக்கக் கூடாது.

மை என்பது சின்ன விஷயமா?

2013 பொதுத்தேர்தலில் நம் நாட்டில் முதன்முறையாக விரலில் அழியாத மை வைத்தார்கள். அன்று எத்தனை பேர் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துப் புகார் செய்தோம்! விரலில் வைத்த மை ஒரு வாரம் நிற்குமா என்று நாடே கவலைப்பட்டது. அந்தக் கவலையில் ஒரு பங்கு, பெயரை எழுதுகிற மைக்கும் வேண்டாமா?

ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவதற்காக 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய பை. பைக்குள் மங்கிய தாள். என் பாட்டியின் கதை ஒரு வீட்டுக் கதையல்ல.

நல்ல மை இருந்திருந்தால் பாட்டிக்கு நீலக் கார்டு நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சட்டமும் காலமும் அதில் சம்பந்தப்பட்டவை. ஆனால் அதிகாரியின் மேசையில் ஒரு கறைக்குப் பதிலாக ஒரு பெயராவது இருந்திருக்கும். அதன் பிறகு வாதாடியிருக்கலாம்.

அந்தக் கடிதம் இன்று என்னிடம்தான் இருக்கிறது. பாட்டி இறந்த பிறகு, அதன் பின்பக்கத்தில் அவருடைய பெயர், அவருடைய தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் இரும்பு மையால் எழுதி வைத்தேன். அது எந்த அலுவலகத்திலும் செல்லாது. என் பிள்ளைகளுக்குச் செல்லும்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். இன்றிரவு அதைத் திறந்து பாருங்கள். மங்கிக்கொண்டிருக்கும் பெயர்கள் இருந்தால், தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, வேறு நல்ல தாளில், கரையாத மையில் எழுதி வையுங்கள்.

மணி அடித்துவிட்டது.